காரணம் இல்லாத ஆள்

"இந்தக் கதையில வர்ற மேலாளர் நீங்கதானா சார்?"

நூலகர் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டார். மேஜைக்கு இந்தப் பக்கம் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவள், பக்கத்தில் அவளுடைய மேலாளர்.

பார்சல் பிரிக்கும் கூடத்தில் அவளுக்கு நான்கு வருட வேலை. நூலகம் நடத்திய போட்டிக்கு, வாழ்க்கையிலேயே முதன்முதலாக ஒரு கதை எழுதி அனுப்பினாள். முதல் பரிசு என்றார்கள். புத்தகத்தில் அச்சாகும் என்றார்கள். சந்தோஷத்தில் கால் தரையில் படவில்லை. அதற்குள் எந்தப் புண்ணியவானோ ஒரு மொட்டைக் கடிதம் போட்டுவிட்டான். கதையில் வருவது கற்பனை ஆள் இல்லை, இவளுடைய மேலாளரேதான் என்று.

நிஜ ஆளை எழுதினால் பரிசு கிடையாது. போட்டியின் முதல் விதியே அதுதான்.

அவளும் படாத பாடு பட்டுத்தான் ஆளை மறைத்திருந்தாள். மீசையை எடுத்தாள். தலையை வழுக்கையாக்கினாள். ஒரு காலை லேசாக இழுத்து நடக்கவிட்டாள். ஆனால் "முடியாது" என்று சொல்வதற்கு முன்னால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் கவிழ்த்து வைப்பாரே, அதை மட்டும் வெட்ட மனசு வரவில்லை. புதிதாக எழுத வந்தவள், நன்றாக அமைந்த ஒரே வரியை எப்படி விடுவாள்? கூடத்தில் வேலை செய்யும் நாற்பது பேருக்கும் அந்தக் கடிகாரம் தெரியும்.

கதை இவ்வளவுதான். அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மகள் ஒரு நாள் லீவு கேட்கிறாள். மேலாளர் முடியாது என்கிறார். வேலை முடிந்து மகள் ஓடிப் போய்ச் சேரும்போது, அப்பாவின் முகத்தைத் துணியால் மூடியிருக்கிறார்கள்.

அதில் கற்பனை என்று இருந்தது வழுக்கையும் காலும்தான்.

மேலாளர் தாள்களை வாங்கி ஒரு எழுத்து விடாமல் படித்தார். கடைசிப் பக்கத்தை மட்டும் இரண்டு தடவை படித்தார். பிறகு, தன்னை அறியாமலே, கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

"இல்லைங்க. இது நான் இல்லை."

நூலகர் கடிகாரத்தைப் பார்த்தார். கதையைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி. அதையே எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

பரிசு பிழைத்தது. ஆனாலும் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. செய்ததையும் செய்துவிட்டு, நான் இல்லை என்று எவ்வளவு சுலபமாகக் கையெழுத்துப் போடுகிறார் மனுஷன்! வாசலைத் தாண்டியதும் கேட்டேவிட்டாள்.

"அது நீங்கதான்னு உங்களுக்கே தெரியும். எதுக்கு சார் பொய் சொன்னீங்க?"

"பொய் இல்லம்மா. உங்க கதையில அந்த ஆள் எதுக்கு லீவு குடுக்கலை?"

"எதுக்குன்னா? கல்நெஞ்சுக்காரன். வேற என்ன?"

"அதான் நான் இல்லைன்னேன். காரணமே இல்லாம ஒரு ஆள் அப்படிச் செய்வான்னு எனக்கு நம்பிக்கை வரலை." அவர் நடை தளர்ந்தது. "ஒரு காரணம் சொல்றேன். பிடிச்சா சேத்துக்குங்க."

அவள் நூலகப் படியில் இறங்கத் தொடங்கினாள்.

"அந்தப் பொண்ணுக்கு வேலை நிரந்தரமாக இன்னும் நாலே நாள். நடுவுல ஒரு நாள் வரலைன்னாலும் வேலை போயிடும்."

"தெரியும் சார். போனாப் போகட்டும்னுதானே அன்னைக்கு உங்ககிட்ட வந்து நின்னேன்?"

"அவ அப்படித்தான் வந்து நிப்பான்னு அவங்க அப்பாவுக்கும் தெரியும். காலையிலேயே ஆஸ்பத்திரியிலிருந்து அந்த ஆளுக்குப் போன் பண்றார். 'எனக்கு ஒண்ணுமில்லை சார், ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துடுவேன். அவ லீவு கேட்டா மட்டும் குடுத்துடாதீங்க. நான் சொன்னேன்னு தெரிஞ்சா ஒரு மாசம் என்கூடப் பேச மாட்டா'ன்னு."

அவள் நின்றுவிட்டாள்.

"அந்த ஆள் அதை அப்படியே நம்பிட்டான். ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டு, நிலைமை எப்படின்னு டாக்டரைக் கேட்டிருக்கலாம். கேக்கலை. அதுக்கு அவனை என்ன வேணாலும் திட்டி எழுதுங்கம்மா. தகும்."

நம்புவதற்கு அவளுக்குப் பயமாக இருந்தது. மூன்று வருடமாக வெறுப்பதற்கு ஒரு ஆள் இருந்தான். அவனும் இல்லையென்றால் அந்தத் துக்கத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவாள்?

"இப்ப, இந்தப் படியில இறங்கறதுக்குள்ள நீங்க கட்டின கதை சார் இது. நல்லாவே கட்டறீங்க. அடுத்த போட்டிக்கு நீங்களே எழுதி அனுப்பலாம்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இருக்கலாம்மா" என்றார். கடைசிப் படியில் இறங்கித் திரும்பினார்.

"போனை வைக்கறதுக்கு முன்னாடி அவர் இன்னொண்ணும் சொன்னார். 'எங்க சின்ன முதலாளியக் கொஞ்சம் பாத்துக்குங்க சார்'னு. யாரைச் சொல்றார்னு அன்னைக்கு எனக்குப் புரியலை."

அப்பா அவளை அப்படிக் கூப்பிடுவது, அவர்கள் இருவரைத் தவிர உலகத்தில் யாருக்குமே தெரியாது.