ஜூம் டெஸ்ட்

மூன்று நாளாக அவர் ஜன்னலை விட்டு நகரவில்லை. கையில் மச்சினன் வாங்கிய சின்ன டிஜிட்டல் கேமரா.

“இன்னும் என்ன டெஸ்ட்?” என்றாள் மனைவி.

“உன் தம்பிதானே பாத்துச் சொல்லச் சொன்னான்? ஜூம் பாக்கறேன்.”

அவள் எட்டிப் பார்த்தாள். எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை. வாசலில் சிவப்புச் சட்டையில் ஒரு புதுப் பெண். மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கேமராவைத் திறந்தாள். முப்பது படம். ஒன்றில்கூடப் பெண் இல்லை. அத்தனையும் கடைச் சுவரில் தொங்கும், கீழே போகப் போக எழுத்து சிறுத்துக்கொண்டே போகிற அட்டை.

ஈரத் தலையோடு வந்தவர் கையும் களவுமாகப் பிடிபட்டவர் போல நின்றார்.

“நாளைக்கு லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் டெஸ்ட். எல்லா இடத்துலயும் இதே அட்டைதானாம். மனப்பாடம் பண்ணிட்டா பாஸ்.”

“அட கடவுளே! நான் அந்தச் சிவப்புச் சட்டைப் பொண்ணைத்தான் எடுக்கறீங்கன்னு…” அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“பொண்ணா?” அவர் ஜன்னலருகே போய்க் கண்ணை இடுக்கினார். “நான் தபால் பெட்டின்னுல்ல நினைச்சேன்!”

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. ஆணியில் தொங்கிய ஸ்கூல் பஸ் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.