பெட்டிக்குள் அடங்காத துப்பாக்கி

போட்டிக்கு வரும் எந்தத் துப்பாக்கியும் அளவுப்பெட்டிக்குள் அடங்க வேண்டும், அதுதான் சட்டம். இந்தத் துப்பாக்கி படுத்துப் பார்த்தது, புரண்டு பார்த்தது. மூடி மூடவே இல்லை.

"யாராவது ஒருத்தர் இறங்குங்க. இல்லேன்னா எல்லாரும் வெளியே!" என்று பெட்டி அதட்டியது.

ஆரம்பத்திலிருந்தே துப்பாக்கியில் இருப்பது குழல் ஒன்றுதான்.

"நான் இல்லாட்டி குறி தப்பும்" என்றது நேற்று மாட்டிய கண்ணாடி.

"நான் இல்லாட்டி கை வழுக்கும்" என்றது புதுக் கைப்பிடி.

அப்புறம் இரண்டும் குழலைத் திரும்பிப் பார்த்தன. "அண்ணே, நீங்கதானே நீளம்?"

குழலைக் கழற்றி மேசைமேல் வைத்தன. மூடி டப்பென்று மூடியது. "தேறியாச்சு!" என்று இரண்டும் கூத்தாடின.

சற்று நேரத்தில், சுடச்சொல்லி விசில் ஒலித்தது. துப்பாக்கிக்குள் தோட்டா பதறுவது மேசைவரை கேட்டது:

"ஏம்ப்பா, நான் எந்த வழியாப் போறது?"