இரண்டு சிறகு, ஒரு பூச்சி

"உங்கப்பாகிட்ட இருக்கிறது அந்த ஒரு கரப்பான்தான். அதையும் பிடுங்கணுமா?" என்றான் கணவன், தட்டைத் துடைத்தபடி.

அவள் கட்டுரையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். மேசையில் கணினிக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கல். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய கரப்பான் ஒன்று முன்சிறகும் பின்சிறகுமாக அதில் முழுசாகப் பதிந்திருந்தது. அவளே உடைத்தெடுத்த கல். இதைப் பற்றிய கட்டுரை வந்தால்தான் ஆய்வகத்தில் அவள் வேலை நிரந்தரமாகும்.

அப்பாவுக்கும் இதே தொழில்தான். இளவயதில் தனியாகக் கிடைத்த ஒரு முன்சிறகை வைத்துப் புது இனம் என்று அறிவித்து, ஆசையாக ஒரு பெயரும் வைத்தார். அதற்கு முன்பே யாரோ ஒரு பின்சிறகுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். இரண்டும் ஒரே பூச்சியின் சிறகுகள் என்கிறது இந்தக் கல். அவர்கள் துறையில் மூத்த பெயர்தான் நிற்கும். அப்பா வைத்தது அடிபட்டுப் போகும்.

"நீ எழுதலேன்னா யாருக்குத் தெரியப்போகுது?"

"கல்லுக்குத் தெரியுமே."

சொல்லிவிட்டாளே தவிர, தன்னை இழுப்பது நேர்மையா பழைய கோபமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. அவளுடைய பள்ளி விழா எதற்கும் வராத மனிதர் அப்பா. "உங்களுக்குக் கரப்பான்தான் தலைச்சன், இவ ரெண்டாவதுதான்" என்று அம்மா இருந்தவரை குத்திக்காட்டிக்கொண்டே இருந்தாள்.

கல்லை எடுத்துக்கொண்டு அப்பாவின் அறைக்குப் போனாள். அவர் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"சிறகு நரம்பெல்லாம் எண்ணிட்டியா?"

"எண்ணிட்டேன்பா. ஒத்துப்போகுது."

"அப்புறமென்ன, அனுப்பு. கல்யாணத்துக்கு முந்தின வயசு. ஒரு சிறகை வச்சுக்கிட்டுக் குதிச்சேன். இன்னொரு சிறகு எங்கேன்னு கேட்கத் தோணல."

"வருத்தமா இல்லையா?"

"எனக்கென்ன? நீதான் யோசிக்கணும்."

திரும்பி வந்து உட்கார்ந்தாள். 'இப்பெயர் இனிச் செல்லாது' என்ற வரியில் விரல் கொஞ்சம் தயங்கியது. தட்டச்சு செய்து, அனுப்பியும் விட்டாள். இனி உலகத்தில் எந்தப் பூச்சிக்கும் அந்தப் பெயர் இருக்காது.

அறையிலிருந்து அப்பா அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"இதோ வரேன்பா" என்று எழுந்தாள்.