மூன்று பேருக்கு ஒரு கணினி

தமயந்தி தாய்வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்பிய காலையில், வீட்டுக் கணினி ஊர்ந்துகொண்டிருந்தது. "யாரோ தன் கணக்கை மூடாம எழுந்து போயிருக்காங்க. அதான் பின்னாடி எல்லாம் ஓடிட்டே இருக்கு," என்று கணவர் சீராளன் மகளை முறைத்தார். "நான் இல்லப்பா," என்று அமுதினி திரையைத் திருப்பிக் காட்டினாள். மூன்று பெயர்களில் அம்மாவின் கணக்குதான் திறந்திருந்தது. சீராளன் செய்தித்தாளைக் கையில் எடுத்துக்கொண்டார். கோவையில் ஒரு பள்ளி தமயந்தியை வேலைக்கு அழைத்த கடிதம் அந்தக் கணக்கில்தான் இருந்தது. விண்ணப்பம் எழுத உதவிய மகளுக்கு மட்டுமே கடவுச்சொல் தெரியும். அப்பாவிடம் தானே பக்குவமாகச் சொல்லிக்கொள்வதாகவும் அதுவரை மூச்சுவிடக் கூடாது என்றும் கூறி, தமயந்தி அவளிடம் சத்தியமும் வாங்கியிருந்தாள். தமயந்தி உட்கார்ந்து தன் கணக்குக்குள் போனாள். அவள் அனுப்பாத ஒரு பதில் விரிந்தபடியே கிடந்தது. 'குடும்பச் சூழ்நிலை காரணமாக என்னால் பணியில் சேர இயலாது. இப்படிக்கு, தமயந்தி சீராளன்.' அவள் ஒருநாளும் தன் பெயரோடு அவர் பெயரைச் சேர்த்து எழுதியதில்லை. "உன்னை விட்டுட்டு என்னால இருக்க முடியாது, தமா," என்றார் சீராளன், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து. "படிக்க மட்டும்தான்னு சொன்னாரும்மா," என்றாள் அமுதினி. தமயந்தி கடவுச்சொல்லை மாற்றும் இடத்தைத் திரையில் தேடிக்கொண்டிருந்தாள். அதைக்கூட மகளிடம் கேட்டால்தான் தெரியும்.