சரக்குக்கு ஞானத்தகப்பன்

கல்யாணத்துக்குச் சரக்கு வாங்கிக் கொடுத்த ஆளே ஒரு சொட்டு குடிக்கவில்லை.

மணப்பெண்ணின் அம்மா ஒத்தீலியா முதலில் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊற்றப் போனபோது ஃபெர்மின் கிளாசைக் கையால் மூடிக்கொண்டு, "டாக்டர் கூடாதுன்னுட்டாரு தங்கச்சி" என்று சிரித்தார்.

சரி, அவருக்கு டாக்டர். அவர் மனைவி சோய்லாவுக்கு? செம்பருத்தி ஜூஸ். மகன்கள், மருமகள்கள்? அவர்களுக்கும் செம்பருத்தி ஜூஸ். அட, ஃபெர்மினின் தம்பி நாச்சோ இருக்கிறானே, எழவு வீட்டில்கூடப் பாட்டிலைத் தேடுகிற ஜென்மம், அவன் கையிலும் அதே சிவப்பு ஜூஸ்!

"என்னடா நாச்சோ, உடம்பு சரியில்லையா?"

"இன்னைக்கு வேணாங்க்கா" என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஒத்தீலியா தன் கையிலிருந்த பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

போன வருஷம் பக்கத்து ஊர்க் கல்யாணத்தில் கலப்படச் சரக்கு. மாப்பிள்ளையின் சித்தப்பா மறுநாளே சவப்பெட்டியில் போனார். ரெண்டு பேருக்குக் கண் போய்விட்டது. சரக்கைக் கொண்டுவந்தவன் மட்டும் அன்றைக்கு ஒரு வாய் குடிக்கவில்லை என்று ஊரே பேசியது.

ஃபெர்மின் தக்காளி மண்டியில் பெட்டி தூக்குகிறவர். கல்யாணச் செலவைப் பேச எல்லாரும் கூடிய அன்றைக்கு, கேக்குக்கு ஒரு ஞானத்தகப்பன், மோதிரத்துக்கு ஒருவர், மரியாச்சிப் பாட்டுக்கு இன்னொருவர் என்று ஆளாளுக்கு ஒரு செலவை ஏற்றுக்கொண்டார்கள். சரக்கு என்றதும் அத்தனை பேரும் கூரையைப் பார்த்தார்கள். பார்க்கமாட்டார்களா பின்னே? சாப்பாட்டுச் செலவைவிட அது பெரிசு. "சரக்குக்கு நான்" என்று கை தூக்கியவர் இந்த ஃபெர்மின்தான். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அன்றைக்கு ஒத்தீலியா அழுதாள்.

பெட்டி தூக்குகிறவருக்கு மேஜைக்கு மேஜை டெக்கீலா வைக்க எங்கிருந்து வந்தது காசு என்று இப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

புருஷனை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"இங்க பாருங்க. என் முகம் நல்லாத் தெரியுதா?"

"கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து தெரியுது" என்றார் இலாரியோ. அவருக்கு உள்ளே மூன்று கிளாஸ் போயிருந்தது.

"ஐயோ, விளையாடாதீங்க! அவங்க மேஜைல ஒருத்தர்கூட குடிக்கல. கலப்படமா இருந்தா?"

இலாரியோவின் சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணைக் கசக்கிக் கசக்கி விளக்கைப் பார்த்தார்.

"அதுக்காகப் போய்க் கேக்கவா முடியும்? ஊரு முன்னாடி அவரு மூஞ்சில துப்பின மாதிரி ஆயிடும்டி."

கேட்கவும் முடியாது, விடவும் முடியாது. அந்தப் பக்கம் வெள்ளை கவுனில் மகள் நயேலி சிரித்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் வாழ்த்துச் சொல்லி எல்லாரும் கிளாசைத் தூக்குவார்கள். அவளும் தூக்குவாள்.

ஒத்தீலியா கொல்லைப்புறம் ஓடினாள்.

"ரமீரோ, எல்லா மேஜையிலேர்ந்தும் பாட்டில எடுத்துட்டு வா. ஐஸ் போட்டுத் தர்றோம்னு சொல்லு."

பாரைக் கவனிக்கிற ரமீரோ முழித்தான். "எடுத்துட்டு வந்து?"

"சாக்கடைல ஊத்து. பெட்டில இருக்கறதையும் சேத்து."

"அம்மா, சீல் உடைக்காத பாட்டிலும்மா!"

"அவனுங்களுக்குச் சீல் ஒட்டத் தெரியாதா?"

"நான் வேணா ஒரு வாய் குடிச்சுப் பாத்துச் சொல்லட்டுமா?"

"நாளைக்கு உன் பொண்டாட்டிக்கு யாருடா பதில் சொல்றது? ஊத்துன்னா ஊத்து!"

அவளும் சேர்ந்தே ஊற்றினாள். அவசரத்தில் பாதி அவள் பாவாடையிலேயே சிந்தியது. நாளைக்குச் சாமியானாக்காரருக்குக் கொடுக்க வைத்திருந்த பெசோக்களை எடுத்துக்கொண்டு பீர் வாங்க ஆள் ஓடியது. போனால் போகட்டும், உயிர் இருந்தால் போதும்.

கடைசிப் பாட்டில் காலியாகும்போது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"ஒத்தீலியா!"

சோய்லா. செத்தேன் என்று நினைத்த ஒத்தீலியா, சாக்கடையைப் பாவாடையால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

சுவரோரம் நின்ற காலிப் பாட்டில்களைச் சோய்லா ஒருமுறை பார்த்தாள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"மாதாவே! அத்தனையுமா தீந்துடுச்சு? அதான் இங்க வரைக்கும் மணக்குதா!"

ஒத்தீலியா பாவாடையை இன்னும் கொஞ்சம் விரித்துக்கொண்டாள்.

"பத்தாமப் போயிடுமோன்னு நான் காலைலேர்ந்து பயந்து சாகறேன். பன்னி ரெண்டையும் வித்து, இவரு பைக்கையும் வித்து, இவ்வளவுதான் வாங்க முடிஞ்சுது. மட்டமான சரக்க நயேலி கல்யாணத்துல வைக்கமாட்டேன்னு ஒரே பிடிவாதம். கணக்குப் போட்டுப் பாத்தா எங்க மேஜைக்குத்தான் இல்ல. அதான் நேத்து எங்க ஆளுங்க அத்தனை பேரையும் கோயிலுக்கு இழுத்துட்டுப் போய், இன்னைக்கு ஒரு சொட்டு தொடமாட்டோம்னு மாதா முன்னாடி சத்தியம் பண்ண வச்சேன். நாச்சோ பாவம், அழாத குறை."

ஒத்தீலியாவுக்கு இத்தனை நேரம் இருந்த பயம் போய், இவள் குனிந்து பார்த்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் பிடித்துக்கொண்டது.

சோய்லா கிட்டே வந்து அவள் கையைப் பிடித்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"நேர்ல வந்து கேக்க இவருக்குக் கூச்சம். அதான் என்னை அனுப்பினாரு. சொல்லேன், குடிச்சவங்க என்ன சொன்னாங்க? நல்லா இருந்துச்சாமா?"