மருந்து அடிச்ச கத்தரிக்காய்

"மருந்து அடிச்சதாம்மா?"

"அடிச்சதுதான் சார்" என்றாள் தீர்த்தம்மாள், கத்தரிக்காய்க் கூறுகளைச் சரிசெய்தபடி.

காரிமங்கலம் சந்தையில் யாரும் அப்படிப் பட்டென்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கேட்ட கலைவாணனுக்கு முகம் மாறியது.

"கொஞ்சம்கூடக் கூச்சமில்லாம சொல்றியே! மண்ணு, தண்ணி எல்லாம் கெட்டாலும் உங்களுக்கு லாபம் வந்தா போதுமா?"

"வயிறுன்னு ஒண்ணு இருக்கே சார்."

காலையில் மூட்டையை பஸ்ஸில் ஏற்றும்போதே அவள் கணவன் மாதேஸ்வரன் சொல்லியிருந்தான்: "இந்த வாரமும் காய் வூட்டுக்குத் திரும்பி வந்துச்சுன்னா, தோட்டத்தை உழுது போட்டுட்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிடுவேன்."

"மருந்து அடிக்காதது இல்லையாம்மா?"

"இருக்கு சார். தோ, அந்த ஓரத்துக் கூறு."

கலைவாணன் சந்தோஷமாகக் குனிந்தார். ஒரு காயை எடுத்தார். ஓட்டை. இன்னொன்றை எடுத்தார். அதிலும் ஓட்டை.

பக்கத்தில் நின்ற அவர் மனைவி நிர்மலாதேவி சிரித்தாள். "வாங்குங்க, வாங்குங்க. கறிக்குழம்பே வெச்சுடலாம்."

அவர் காயை மெதுவாகக் கீழே வைத்தார். பளபளப்பாக இருந்ததைக் காட்டினார்.

"சரி, இதுலயே ரெண்டு கூறு போடு. இந்த ஒரு தடவைதான்."

"உப்புத் தண்ணியில கழுவிக்குங்க சார்."

"இதெல்லாம் நல்லா சொல்லு. நீங்க திருந்தவே மாட்டீங்க" என்றபடி பையை விரித்துப் பிடித்தார்.

பின்னால் வந்தவர்களும் அதையேதான் கேட்டார்கள். ஓரத்துக் கூறைப் புரட்டினார்கள். பளபளப்பானதை வாங்கிப் போனார்கள்.

பளபளப்பானதில் கடைசிக் கூறை அவள் விற்கும்போது மாதேஸ்வரன் வந்து நின்றான். வாங்கியவரிடம் அவள் 'மருந்து அடிச்சதுதான்' என்றது காதில் விழுந்தது. ஆள் நகரும்வரை பொறுத்திருந்தான்.

"ஏ தீர்த்தா, எல்லாம் ஒரே தோட்டத்துக் காய்தானே? நாம எங்க மருந்து அடிச்சோம்? செடி செடியா குனிஞ்சு கையால புழு பொறுக்கி எனக்கு முதுகே போச்சு. நீயே நம்ம பேரைக் கெடுக்கறியே!"

தீர்த்தம்மாள் காலிச் சாக்கை உதறினாள்.

"போன வாரம் உள்ளதைத்தான் சொன்னேன். நல்ல காய்லயும் உள்ளே புழு இருக்கும்னு வெச்சிட்டுப் போனாங்க. இன்னைக்கு மருந்து அடிச்சதுன்னேன். நம்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க!"