அசையும்போது எடுத்த படம்

டோரீனின் கழுத்து வலி நிஜமா, நடிப்பா என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அவள் கணவர் ரெமிஜியஸ் ஒற்றைக்காலில் நின்றார். அப்படித்தான் டோரீனுக்குத் தோன்றியது.

போன மாதம் ஞாயிறு பூசை முடிந்து லிங்கராஜபுரத்து வீட்டுக்குத் திரும்பும்போது காரை ஓட்டியது டோரீன்தான். ஐம்பதை நெருங்கும் வயதில் ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டவள். குறுக்கே ஒரு நாய் ஓட, பிரேக்கை அழுத்தினாள். பின்னால் வந்த டெம்போ இடித்துவிட்டது. டிக்கி நசுங்கியது.

பக்கத்து சீட்டிலிருந்து இறங்கிய ரெமிஜியஸ், டெம்போக்காரனிடம் கன்னடத்தில் நாலு வார்த்தை பேசிவிட்டு வந்தார். தனக்கு ஒன்றுமில்லை என்றார். வேறெதுவும் திட்டவில்லை.

ஆனால் அன்றிலிருந்து அவள் முகத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்.

கூப்பிட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டே 'ம்' என்பார். சாப்பிடும்போது கண் டிவியிலேயே இருக்கும். கட்டிலை விட்டுவிட்டு ஹாலில் சாய்வு நாற்காலியில் தூங்கப் போய்விட்டார். பீன்யாவில் இருக்கும் ஃபேக்டரிக்கு பைக்கில் போகிறவர், பஸ்ஸில் போக ஆரம்பித்தார். ஏன் என்று கேட்டாள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இத்தனைக்கும் வலியில் துடித்தது டோரீன். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் எல்லாம் நார்மல் என்று வந்தது. சரி, மருந்து சாப்பிட்டு, பயிற்சி செய்து பார்க்கலாம் என்று அவளே சமாதானமாகிவிட்டாள். அவர் விடவில்லை.

"படுக்க வெச்சு எடுத்த படத்துல என்ன தெரியும்? கழுத்தை அசைக்கும்போது எடுக்கணும். உண்மை அப்பத்தான் தெரியும்."

உண்மையாம். டோரீனுக்குச் சுருக்கென்றது.

எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்ன, ஆஸ்டின் டவுனில் இருந்த எலும்பு டாக்டர் தமயந்தியிடம் மறுபடி அழைத்துப் போனார். டாக்டர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். எம்.ஆர்.ஐ.யில் தெரிவது அசையாமல் கிடக்கிற கழுத்து. உள்ளே தசைநார் கிழிந்திருந்தால், குனியும்போதும் நிமிரும்போதும் ஒரு எலும்பு மற்றதன் மேல் வழுக்கும். அசைய வைத்து எக்ஸ்ரே எடுத்தால் அது தெரியலாம். ஆனால் எல்லாருக்கும் அது தேவைப்படாது, டோரீனுக்குத் தேவையிருப்பதாகத் தோன்றவில்லை என்றார்.

ரெமிஜியஸ் பிடித்த பிடியை விடவில்லை. கடைசியில் டாக்டர், டோரீனின் கை, கால் பலத்தையெல்லாம் மறுபடி சோதித்துவிட்டு, குனிந்து நிமிர்வதில் ஆபத்தில்லை என்று உறுதியான பிறகே சம்மதித்தார்.

படம் திரையில் ஓடியது. டோரீனின் கழுத்து குனிந்தது, நிமிர்ந்தது. எலும்புகள் வரிசை கலையாமல் கூடவே வளைந்தன.

"ஒண்ணுகூட நகரல. தசைப்பிடிப்புதான். கொஞ்ச நாள்ல சரியாயிடும்" என்றார் டாக்டர்.

"அப்பாடா" என்றார் ரெமிஜியஸ்.

அந்த ஒரு வார்த்தையில் டோரீனுக்கு அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிவிட்டது.

"இப்போ திருப்தியா உங்களுக்கு? நான் நடிக்கறேன்னு நிரூபிச்சாச்சு இல்ல?" டாக்டரிடம் திரும்பினாள். "காரை இடிச்சு வெச்சுட்டேன்னு இவருக்குக் கோபம் டாக்டர். அன்னியிலேருந்து என் முகத்தைக்கூடப் பார்க்கறதில்ல."

ரெமிஜியஸ் அப்போதும் எதிர்ச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் அவரைக் கூர்ந்து கவனித்தார். "சார், அவங்க பக்கம் கொஞ்சம் திரும்புங்க."

ரெமிஜியஸ் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கழுத்து திரும்பவில்லை. தோள், மார்பு, இடுப்பு எல்லாம் சேர்ந்து, ஆளே மொத்தமாகத் திரும்பினார். நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது.

டாக்டரின் முகம் மாறிவிட்டது. "அசையாதீங்க" என்று எழுந்து ஓடிவந்து, இரண்டு கைகளாலும் அவர் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். நர்ஸைக் கூப்பிட்டு, கழுத்தை அசையாமல் பிடிக்கும் காலர் கொண்டுவரச் சொன்னார். கை மரத்துப் போகிறதா என்று கேட்டார். முதலில் இல்லை என்ற ரெமிஜியஸ், கொஞ்ச நாளாகச் சட்டைப் பட்டன் போட வரவில்லை என்று பிறகு ஒப்புக்கொண்டார்.

"இவருக்கும் அந்தப் படம் எடுக்கணுமா டாக்டர்?" டோரீன் எழுந்து அருகில் வந்தாள்.

"வேண்டாம்மா. இவர் கழுத்தை இப்போ அசைக்கவே கூடாது."

பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்து எலும்பு விரிசல் விட்டு, இடம் பெயர்ந்து, தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டும், பஸ் இன்னும் ஒரு பெரிய பள்ளத்தில் இறங்கி ஏறியிருந்தால்கூட ஆள் படுத்த படுக்கையாகியிருக்கலாம் என்றார் கூடவே வந்திருந்த டாக்டர்.

தினமும் பீன்யாவுக்கு அந்தக் கழுத்தோடுதான் போய் வந்திருக்கிறார்.

"இவ்வளவு வலியை ஏன் சார் மறைச்சீங்க?" டாக்டர் கேட்டார்.

காலருக்கு மேலே ரெமிஜியஸின் உதடுகள் மெல்ல அசைந்தன. "வண்டி ஓட்டினது அவ. தன்னாலதான்னு நினைச்சு உடைஞ்சு போயிடுவா."

"அப்புறம் எதுக்கு, அவங்களுக்கு மட்டும் படம் எடுத்தே ஆகணும்னு நின்னீங்க?"

"எனக்கே இப்படி உயிர் போகுதே டாக்டர்... அதே இடிதானே அவளும் வாங்கினா?"